காணியில்லாத காணிகள்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது மேலகரம். சாரல் பருவத்தில் அருவிக்குப் போகிறவர்கள் அந்த ஊரைக் கவனிப்பதில்லை. எதிரே நிற்கும் மலை அவர்கள் கண்ணை இழுத்துக்கொள்கிறது. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனி பிறந்துவிட்டால் மேகம் இறங்கி அந்த மலையின் தோளில் சாய்ந்துகொள்ளும். காற்றோடு பூந்தூறல் வரும். அதற்குப் பிறகு ஊரையும் தெருவையும் யார் பார்ப்பார்கள்?

என் தாயாரைப் பெற்ற ஆச்சியின் வீடு மேலகரத்தில் இருந்தது. விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம், மாலை வேளையில் மச்சில் நின்று மேற்கே கைநீட்டி ஆச்சி ஒரு விஷயம் சொல்வாள்.

"ஏலே, அந்தா தெரியுதுல்லா தென்னந்தோப்பு, அதுக்கு அங்கிட்டு வேத்து ராசா சீமை. எங்க அக்காளை அங்கதான் கட்டிக் குடுத்திருந்தாவ."

சிறு வயதில் எனக்கு இது விளங்கவே இல்லை. மலைக்கு அப்பால் வேறு நாடு என்றால் நம்பலாம். தென்னந்தோப்புக்கு அப்பால் இருப்பது செங்கோட்டை. தென்காசியிலிருந்து ஐந்தே மைல். அதே வயல், அதே நெல், அதே தமிழ். அங்கே எப்படி இன்னொரு ராஜா வந்து உட்கார்ந்தார்?

பிறகு சரித்திரம் படித்தபோது, ஆச்சி சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தது. கொட்டாரக்கரையில் இருந்துகொண்டு இளையிடத்துச் சொரூபம் என்ற சிற்றரசு ஆண்டு வந்த பகுதியில் செங்கோட்டையும் சேர்ந்திருந்தது. 1740-களில் மார்த்தாண்ட வர்மா அந்தச் சிற்றரசைத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டார். மலைக்குக் கிழக்கே, நம் பக்கத்துச் சமவெளியிலே, ஒரு துண்டு நிலம் மலையாள ராஜ்யத்துக்குப் போய்விட்டது. 1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியார் கைக்கு வந்த பிறகு, தென்காசி கம்பெனிச் சீமை ஆயிற்று. செங்கோட்டை ராஜா சீமையாகவே நின்றது. நாட்டின் எல்லை மலை முகட்டில் இல்லாமல் வயல் வரப்பில் இருந்தது!

அந்த வரப்பைத் தாண்டினால் நாணயம் மாறும். நம்முடைய ஒரு ரூபாய்க்கு அங்கே இருபத்தெட்டரைச் சக்கரம். தபாலும் மாறும். திருவிதாங்கூருக்குச் சொந்தமாக 'அஞ்சல்' என்ற தபால் இலாகா இருந்தது. 1951-இல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு கலந்தது. இன்று தமிழ்நாடு முழுவதும் தபாலுக்கு வழங்குகிற நல்ல தமிழ்ச் சொல், ஆச்சிக்கு ஒரு காலத்தில் வேற்றுச் சீமைச் சொல். 1865-இல் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் திருவிதாங்கூர், கொச்சி ராஜ்யங்களுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தினால் சுங்க வரிகள் பெரும்பாலும் நீங்கின. என்றாலும் புகையிலை போன்ற சில சரக்குகளுக்குக் கெடுபிடி போகவில்லை. ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர்; வேலை பார்த்தது மலைக்கு அப்பால் புனலூரில், காட்டு இலாகாவில். இரண்டும் திருவிதாங்கூர்தான். 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி அவர் மணியாச்சிக்கு வந்தது ஒரு சீமையிலிருந்து இன்னொரு சீமைக்கு வந்த பிரயாணம்.

1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி இந்த எல்லை செத்தது. கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களோடு செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. செங்கோட்டையின் வயல்களும் ஊர்களும் இப்பக்கம் சேர்ந்தன. ஆரியங்காவும் அதைச் சூழ்ந்த காடும் கேரளத்தோடு நின்றன. எல்லை வரப்பை விட்டு மலைக்கு ஏறிவிட்டது. ஆச்சி தன் அக்காள் வீட்டுக்கு எல்லை தாண்டாமல் போய்வரலானாள். கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செத்த எல்லை எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லுமுன் மேலகரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை.

திரிகூட ராசப்பக் கவிராயர் இந்த மேலகரத்தில் பிறந்தவர். குற்றாலக் குறவஞ்சி பாடியவர். அந்த நாடகத்தில் வருகிற குறத்தி மலையைத் தன் வீட்டு முற்றம் போல எண்ணிப் பெருமை பேசுகிறாள். பாட்டில் மகிழ்ந்த மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்கே 'குறவஞ்சி மேடு' என்று பெயர் ஏற்பட்டது. சந்தோஷமான செய்தி. தமிழ்நாட்டில் பாட்டுப் பாடி நிலம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஆனால் எனக்கு ஒரு நெருடல். மலையைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. அந்த மலைத் தொடரிலேயே இருந்து, மண்ணைக் கொத்தி விதைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

செங்கோட்டையிலிருந்து இந்த மலை முகடு தெற்கே போகிறது. கடையத்துக்கு மேலாகவும், பாபநாசத்துக்கு மேலாகவும் போய், பொதிகையைத் தொட்டு, குமரி மாவட்டத்துக் காடுகளில் இறங்குகிறது. கிழக்குச் சரிவில் விழுகிற மழை தாமிரபரணியாகிறது. மேற்குச் சரிவில் விழுவது நெய்யாறும் கரமனையாறும் ஆகிறது. மழைக்கு அங்கே எல்லை உண்டு. மனிதர்களுக்கு இல்லாமல் இருந்தது. இரண்டு சரிவிலும் ஒரே ஜனங்கள் குடியிருந்தார்கள். அவர்கள்தாம் காணிகள், காணிக்காரர் என்றும் சொல்வார்கள். பாபநாசம் மலையிலும், பேச்சிப்பாறைப் பக்கத்திலும், திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே கோட்டூர்க் காடுகளிலும் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பாஷை. எது எங்கே முடிகிறது என்று அவர்களுக்கே தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

காணிகளின் ஊர் நம் ஊர் போல் தெருவும் சந்துமாக இராது. இங்கே ஒரு குடிசை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொன்று. ஒரு ஓடையைத் தாண்டி மற்றொன்று. நாலு வீடு இங்கும் ஆறு வீடு அங்குமாகச் சிதறிக் கிடக்கும். பார்க்கிறவர்கள், 'ஒற்றுமை இல்லாத ஜனங்கள் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. அவர்களுடைய விவசாயம் அப்படிப்பட்டது. தை, மாசியில் காட்டில் ஒரு துண்டைத் தேர்ந்து புதரை வெட்டிக் காயப்போடுவார்கள். வெயில் முற்றியதும் தீ வைப்பார்கள். சாம்பலே உரம். முதல் மழை விழுந்ததும் நெல்லும் கேழ்வரகும் பயறும் கிழங்கும் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குள் போகும். கலப்பை கிடையாது; மாடு கிடையாது. இரண்டு மூன்று வருஷத்தில் மண் களைத்துவிடும். அதை விட்டுவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். விட்டுவந்த இடத்தில் காடு மறுபடி வளரும்.

இந்த விவசாயத்தில் நூறு வீடு ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஒரு சரிவு இத்தனை வாய்க்குத்தான் சோறு போடும் என்று ஒரு கணக்கு உண்டு. சிதறி இருப்பதுதான் அந்தக் கணக்கு. அவரவர் விளைச்சலுக்குப் பக்கத்திலேயே அவரவர் குடிசை. பன்றியும் யானையும் வந்தால் விரட்டுவதற்கு மரத்தின் மேல் ஒரு பரண். முட்டுக்காணி என்ற தலைவன் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுவார்கள். நோய் வந்தால் பிலாத்தி என்கிற மருத்துவன், கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி, விடிய விடியப் பாடுவான். எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-இல் வெளியிட்ட பெரிய நூலில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பெயரைக் கவனியுங்கள். காணி என்றால் என்ன? பழைய கல்வெட்டுகளில் காணி என்பது பரம்பரையாக வருகிற நில உரிமை. நிலத்தை அளக்கிற அளவும் காணிதான். கடையத்தில் சில காலம் வாழ்ந்த பாரதியார் பராசக்தியிடம் கேட்டுப் பாடியதும் ஒரு காணி நிலம்தான். தமிழில் 'இது என் மண்' என்று சொல்வதற்கு இதைவிடப் பலமான சொல் கிடையாது. அந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட ஜனங்களுக்குக் கையகல நிலத்துக்கும் காகிதம் இல்லாமல் போயிற்று!

எப்படிப் போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. 1882-இல் சென்னை சர்க்கார் காட்டுச் சட்டம் கொண்டுவந்தது. சில வருஷங்களில் திருவிதாங்கூரும் அதே வழியில் போயிற்று. இரண்டு ராஜ்யத்துக் காட்டு இலாகாக்களும் முகட்டின் இரண்டு பக்கத்திலும் எல்லைக் கல் நட்டுக்கொண்டு வந்தன. காட்டை எரித்து விதைப்பது குற்றமாயிற்று. ஓரிடத்தில் உட்காரு என்றார்கள், உட்கார்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்த இடமும் சர்க்கார் காடு. இருந்துகொள்ளலாம், சொந்தம் என்று சொல்லக்கூடாது.

அதே மலையில் மற்றவர்களுக்குக் காகிதம் கிடைக்காமல் இல்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி எண்ணாயிரம் ஏக்கருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் அப்படித்தான் பிறந்தது. கடல் தாண்டி வியாபாரம் செய்த கம்பெனிக்கு மூன்று தலைமுறைக்குப் போதுமான பத்திரம் எழுதிக் கொடுக்க முடிந்தது. நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. பத்திரம் கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காணிக்கு யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாது. தன் பெயரே பத்திரம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அந்தச் செத்த எல்லைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் பாபநாசம் மலைக்குப் போயிருந்தேன். அங்கே காணிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெரியவர் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குடும்பத்துக்கு வந்தது.

"எங்க அக்காளை அந்தப் பக்கம் குடுத்திருக்கு சார். அவ பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல மலைச்சாதின்னு சர்டிபிகேட்டு குடுத்தாங்க. எம் பிள்ளைக்கு அப்ப இல்லைன்னுட்டாங்க. 'நீங்க அந்த லிஸ்ட்ல வரமாட்டீங்க'ன்னாங்க" என்றார்.

"ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே, தாத்தா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் மிளகைக் கிளறினார்.

'எங்க அக்காளை அந்தப் பக்கம் குடுத்திருக்கு' என்ற வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. மேலகரத்து மச்சில் ஆச்சி சொன்ன அதே வார்த்தை! ஆச்சிக்கு அது முடிந்துபோன பழங்கதை. இவருக்கு அது பிள்ளையின் படிப்பு.

ஊருக்கு வந்து அந்த 'லிஸ்டை'த் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் எந்தெந்த ஜனங்கள் பழங்குடிகள் என்று சொல்லும் அட்டவணை அது. அதில் காணிக்காரர் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள், கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை தாலுகாவிலும் இருப்பவர்கள் மட்டும் என்று போட்டிருந்தது. பாபநாசம் இருப்பது அம்பாசமுத்திரம் தாலுகாவில். அந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் இல்லை.

காரணம் உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். காணிகளைப் பழங்குடி என்று முதலில் பட்டியலில் சேர்த்தது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்து அட்டவணை. 1956-இல் குமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தபோது, அந்த நிலத்தோடு அந்தப் பெயரும் வந்தது. ஆனால் அந்த நிலத்துக்கு மட்டுமே என்று வந்தது. ராஜா சீமையில் இருந்த காணி பழங்குடி. கம்பெனிச் சீமையில் இருந்த காணி யாரோ. ராஜாவும் போய், கம்பெனியும் போய், சக்கரமும் அஞ்சலும் போன பிறகும், என் ஆச்சி காட்டிய அந்த எல்லை ஓர் அடைப்புக்குறிக்குள் உயிரோடு உட்கார்ந்திருந்தது. அட்டவணையைத் திருத்தும் சட்டம் நிறைவேறி அம்பாசமுத்திரத்தின் பெயரும் அதில் ஏறியது எப்போது தெரியுமா? 2003-இல். நாற்பத்தேழு வருஷம்!

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. எழுதியவர் பழைய காகிதத்தைப் பார்த்து எழுதியிருப்பார். அவருக்கு மலை தெரியாது, தாலுகா தெரியும். மலையிலே தாலுகா கிடையாது என்பதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் நாற்பத்தேழு வருஷம் என்பது இரண்டு தலைமுறை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று சான்றிதழ் கேட்டுத் திரும்பிய பிள்ளைக்கு, எழுதியவர் நல்லவர் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

எல்லை வகுக்கிறவர்கள் எல்லாரும் இப்படி மறந்துவிடுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. வட துருவத்தை ஒட்டிய நாடுகளில் சாமி என்றொரு ஜனம் உண்டு. மான் மந்தைகளை ஓட்டிக்கொண்டு பருவத்துக்கொரு மலையாகப் போகிறவர்கள். 1751-இல் நார்வேக்கும் சுவீடனுக்கும் இடையே எல்லை வகுத்தார்கள். அப்போது உடன்படிக்கையோடு தனியாக ஒரு பகுதியைச் சேர்த்து எழுதினார்கள். சாமி ஜனங்கள் வழக்கம்போல் மந்தையோடு எல்லை தாண்டிப் போய்வரலாம் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அந்த உரிமையைக் குறுக்கினார்கள் என்பது வேறு விஷயம். கோடு போடுகிறபோது, கோட்டின் மேலே குடியிருப்பவன் ஒருவன் உண்டு என்ற நினைப்பு அவர்களுக்கு வந்ததே, அதுதான் பெரிது. 1956-இல் நமக்கு எல்லாம் நினைவில் இருந்தது. பாஷை நினைவில் இருந்தது. ஆறு நினைவில் இருந்தது. ஏலக்காடும் தேயிலையும் நினைவில் இருந்தன. தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் எவ்வளவு ஆவேசமாக வாதாடினோம்! முகட்டின் இரண்டு பக்கமும் அக்காளும் தம்பியுமாகப் பிரிந்து நின்ற நாலு குடிசைக்காரர்கள் மட்டும் நினைவில் இல்லை.

காணிகளின் அறிவுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1987-இல் அகத்திய மலைக் காட்டுக்குள் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள், கூட வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கண்டார்கள். வழியில் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே வருகிறார்கள் என்று கவனித்தார்கள். முதலில் அவர்கள் சொல்ல மறுத்தார்கள், பிறகு சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை கொடுத்தார்கள். வருமானத்தில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே மெச்சிய நியாயம், மெச்ச வேண்டியதுதான். ஆனால் அறக்கட்டளையின் பெயர் 'கேரளக் காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்'. செடியைக் கண்டுபிடித்த பாட்டன்மார் காலத்தில் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. முகடுதான் இருந்தது.

நிலத்தின் கதை இன்னும் முடியவில்லை. 1988-இல் களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்கள் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. புலியைக் காக்க வேண்டியதுதான். ஆனால் இத்தனை காலம் புலியும் காணியும் அந்தக் காட்டில் சேர்ந்துதான் இருந்தார்கள் என்பதைப் புலியைக் கேட்டால் அதுவே சொல்லும். பிறகு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005-ஆம் வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிகளுக்கு, கையிலுள்ள நிலம் நாலு ஹெக்டேர் வரையில் உரிமையாகும் என்றது. காகிதம் இல்லாவிட்டாலும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வாய்ச்சாட்சியும் சாட்சிதான் என்றது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கினால் பட்டா கொடுப்பது நின்று, 2016-இல்தான் தடை நீங்கியது. அதன்பின் சில குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் வந்திருக்கிறது.

அந்த உரிமையில் ஒரு விசேஷம். நிலத்தை விற்க முடியாது. மகனுக்கும் பேரனுக்கும் போகும். சட்டம் எழுதியவர்கள் புதுமையாக ஏதோ செய்துவிட்டதாக நினைத்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக வருகிற உரிமைக்குத் தமிழில் ஆயிரம் வருஷமாக ஒரு பெயர் இருக்கிறது. காணி என்று பெயர். இத்தனை சட்டமும் இத்தனை வழக்கும் நடந்து, கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது அவர்களுடைய பெயர்தான்!

ஆனால் இந்தச் சட்டம் பழங்குடி என்று சான்று உள்ளவனுக்கு ஒரு வழியும், இல்லாதவனுக்கு வேறு வழியும் சொல்கிறது. இல்லாதவன் மூன்று தலைமுறையாக, அதாவது எழுபத்தைந்து வருஷமாக அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள். 2003-இல் அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு தாலுகாவின் பெயர் ஏறாமல் இருந்திருந்தால், பாபநாசத்துக் காணி தன்னைத் தானே காணி என்று நிரூபிக்க எழுபத்தைந்து வருஷத்துச் சாட்சி தேடியிருக்க வேண்டும். ஒரு வார்த்தையில் எத்தனை பேருடைய மண் அடங்கியிருக்கிறது!

ஆச்சி காலமாகிச் சில வருஷங்களாகின்றன. போன சாரலில் மேலகரத்துக்குப் போனபோது மச்சில் ஏறி நின்றேன். தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வீடுகள் எழும்பிவிட்டன. வேற்று ராஜா சீமை எங்கே தொடங்கிற்று என்று காட்டுவதற்கு இப்போது ஒரு மரமும் இல்லை. மேற்கே மலை மட்டும் மேகத்துக்குள் நின்றது. அதன் தெற்குக் கோடியில், பாபநாசத்துக்கு மேலே, அந்தப் பெரியவர் மழைக்கு முன் மிளகை வாரி உள்ளே வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பேரன் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதியிருக்க வேண்டும்.